கரிசலிலிருந்து எதியோப்பியாவுக்கு: அம்ஹாரிக் மொழி சொல்லும் வரலாறு

கோவில்பட்டியிலிருந்து மேற்கே இளையரசனேந்தலுக்குப் போகும் சாலையின் இருபுறமும் கரிசல் மண். முன்பு சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று கோவில்பட்டி வட்டத்தில் இருக்கும் இவ்வூரில், மழையை நம்பியே தலைமுறை தலைமுறையாக வேளாண்மை நடந்து வருகிறது. சோளம், கம்பு, பருத்தி, பயறு வகைகள் என்று இந்த மண்ணின் பயிர்களை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால் அவற்றுள் சில எங்கிருந்து வந்தவை என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

சோளம் முதன்முதலில் பயிராக்கப்பட்டது ஆப்பிரிக்காவில், இன்றைய கிழக்குச் சூடான் பகுதியில். கம்பு சகாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் தோன்றியது. கேழ்வரகின் தாயகம் எதியோப்பியா முதல் உகாண்டா வரை நீளும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த இத்தானியங்களை இன்று அயல்நாட்டுப் பயிர் என்று யாரும் நினைப்பதில்லை. எதியோப்பிய மேட்டுநிலத்திலும் பரந்த கரிசல் மண் உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலைப் பிடித்து இழுக்கும் அதே மண்தான்.

தானியம் வந்தது, ஆனால் பெயர் வரவில்லை. நாம் கேழ்வரகு என்பதை எதியோப்பியர் 'தகுஸா' என்கிறார்கள். ஒரு பொருள் நாடு விட்டு நாடு போகும்போது அதன் பெயரும் உடன் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தச் சிறு உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியைக் கற்கப் புகும் தமிழருக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. அந்த வியப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள இவ்வுண்மை துணைசெய்யும்.

ஆசிரியர்கள் சென்ற நாடு

செங்கடலை அடுத்த மேட்டுநில நாடான எதியோப்பியாவை நம் முன்னோர் அபிசீனியா என்று அறிந்திருந்தனர். அங்கே எண்பதுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றுள் அம்ஹாரிக், நாட்டின் மைய அரசு அலுவல்களுக்குப் பயன்படும் மொழி. செமித்திய மொழிக் குடும்பத்தில் அரபிக்கு அடுத்தபடியாக மிகுதியான மக்கள் பேசுவதும் இதுவே.

நமக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூல், செங்கடல் கரையின் அதூலிஸ் துறைமுகத்தையும் உள்நாட்டிலிருந்த அக்சும் நகரையும் குறிப்பிடுகிறது. இந்திய இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அங்கே இறங்கியதைச் சொல்கிறது. அதே நூல் பாண்டிய நாட்டின் கொற்கையையும் அங்கே நடந்த முத்துக்குளிப்பையும் கூறுகிறது. எதியோப்பியாவின் தெப்ரெ தாமோ மடாலயத்தில் 1940இல் கண்டெடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள், வட இந்தியாவை ஆண்ட குஷாண அரசர்களுடையவை.

தொடர்பு எதிர்த்திசையிலும் நடந்தது. எதியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு இந்தியா வந்த மாலிக் அம்பர், தக்காணத்தில் அகமதுநகர் அரசின் முதலமைச்சராகி, முகலாயப் படைகளைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தி, 1626இல் மறைந்தார்.

எதியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1956இல் இந்தியாவுக்கு வந்தார். அந்தப் பதின்ஆண்டு தொடங்கி 1980கள் வரை ஆயிரக்கணக்கான இந்திய ஆசிரியர்கள் எதியோப்பியப் பள்ளிகளில் பணியாற்றினர். கேரளத்திலிருந்து சென்றவர் பலர், தமிழகத்திலிருந்தும் சென்றனர். உயர்நிலைப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலமாதலால், கணக்கும் அறிவியலும் கற்பிக்க அம்ஹாரிக் தேவைப்படவில்லை. சந்தையில் வெங்காயம் வாங்கவும் பக்கத்து வீட்டாருடன் பேசவும் அது தேவைப்பட்டது. அவ்வாறு ஒரு தமிழர் அம்மொழியைக் கற்கத் தொடங்கினால் என்னென்ன காண்பார்? நீங்களே கற்பதாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

எழுத்து: 231 உயிர்மெய்கள்

முதல்நாள் உங்கள் கையில் கிடைப்பது 'பிதெல்' எனப்படும் எழுத்து அட்டவணை. 33 வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் 7 எழுத்துகள், ஆக 231. வேறு நாட்டார் இதைக் கண்டு மலைப்பார்கள். 18 மெய்யும் 12 உயிரும் உறழ்ந்து 216 உயிர்மெய் என்று சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த நீங்கள் மலைக்கவேண்டியதில்லை. லெ, லு, லீ, லா, லே, லி, லோ என்று ஒரே எழுத்தின் உருவம் ஏழு வகையாகச் சிறிது மாறுகிறது. காலை நீட்டுவது, வளையம் சேர்ப்பது, கொம்பு வைப்பது போன்ற நம் முறையே அங்கும் உள்ளது.

இவ்வெழுத்து தென் அரேபிய எழுத்திலிருந்து வந்தது. அதில் மெய்களுக்கு மட்டுமே வடிவம் இருந்தது. உயிரைப் படிப்பவர் ஊகிக்க வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அக்சும் அரசன் ஏசானாவின் காலத்தில் மெய்யெழுத்துகளோடு உயிர்க்குறிகள் ஒட்டப்பட்டன. இந்த முறை இந்தியப் பிராமி எழுத்தைக் கண்டு தோன்றியது என்று அறிஞர் சிலர் கருதினர். அங்கேயே தனியாகத் தோன்றியது என்பர் வேறு சிலர். அதூலிஸ் துறையில் இந்தியக் கப்பல்கள் நின்றன என்பதால் முதல் கருத்து நடக்கக்கூடியதே. ஆனால் நடக்கக்கூடியது என்பது வேறு, நடந்தது என்பது வேறு. அதை உறுதிசெய்யும் கல்வெட்டோ ஏடோ கிடைக்கவில்லை.

ஒரு குறையும் உண்டு. அம்ஹாரிக் எழுத்தில் ஏழு வடிவங்களுள் ஆறாவது, குற்றியலுகரம் போன்ற ஒரு குறுகிய உயிரையும் குறிக்கும். உயிரே இல்லாத தனி மெய்யையும் குறிக்கும். எது என்பதைப் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். நம் ஓலைச்சுவடிகளிலும் பழங்கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. கழுகுமலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் படிக்க முயன்றவருக்கு இத்தொல்லை புதியதன்று. மெய் இரட்டிப்பதையும் அம்ஹாரிக் எழுத்துக் காட்டுவதில்லை. 'கெனா' என்றால் 'இன்னும்'; 'கென்னா' என்றால் கிறிஸ்துமஸ் பண்டிகை. எழுதும்போது இரண்டும் ஒன்றே.

ஒலி: நாவுக்குச் சோதனை

இரண்டாம் நாள் உங்கள் தன்னம்பிக்கை சற்றுக் குறையும். அம்ஹாரிக்கில் வெடிப்பொலிகள் உண்டு. மூச்சை வெளியே விடாமல் தொண்டையை ஒரு கணம் அடைத்து, பாட்டில் தக்கையைத் திறப்பதுபோல் 'ட்டப்' என்று ஒலியைத் தெறிக்கச் செய்ய வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் பொருளே மாறும். சாதாரணத் தகரத்தோடு 'மெத்தா' என்றால் 'அடித்தான்'. வெடிக்கும் தகரத்தோடு 'மெத்தா' என்றால் 'வந்தான்'. உங்கள் நண்பன் வந்தான் என்று சொல்லப் போய், அடித்தான் என்று சொல்லிவிட நேரிடலாம்.

சொற்கள் அமையும் விதமும் புதியது. தமிழில் வேர்ச்சொல்லை மாற்றாமல் அதன்பின் விகுதிகளைக் கோத்துக்கொண்டே போகிறோம். செமித்திய மொழிகளில் வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள். உயிர்கள் அவற்றின் ஊடே புகுந்து பொருளை மாற்றும். ச-ப-ர என்பது உடைத்தலைக் குறிக்கும் வேர். 'செப்பெரெ' உடைத்தான், 'தெசெப்பெரெ' உடைந்தது, 'செபாரி' உடைப்பவன்.

வாக்கியம்: இதுவன்றோ நம் வீடு!

மூன்றாம் நாள் வாக்கியம் அமைக்கத் தொடங்குகிறீர்கள். இங்கேதான் வியப்பு. 'கெபெதெ இஞ்செரா பெல்லா.' சொல்லுக்குச் சொல் தமிழில்: கெபெதெ இஞ்செரா தின்றான். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நாம் பள்ளியில் படித்த அதே வரிசை. வினை முடிவில் நிற்கிறது.

மேலும் பாருங்கள். 'பெல்தோ ஹெதெ' என்றால் 'தின்று போனான்'. 'பெல்தோ' நம் வினையெச்சம். 'யெமெத்தா செவ்' என்றால் 'வந்த மனிதன்'. பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கிறது; அரபியில் அது பெயருக்குப் பின்னே வரும்.

இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்று உண்டு. 'இமெத்தாலெஹு பிலோ ஹெதெ' என்பதற்கு 'வருவேன் என்று போனான்' என்று பொருள். 'பிலோ' என்பதன் நேர்ப்பொருள் 'சொல்லி'. நம் 'என்று' என்பதும் 'என்' என்னும் சொல்லுதல் வினையின் எச்சமே அல்லவா? 'ஜிம் அலெ' என்றால் நேர்ப்பொருளில் 'ஜிம் என்றான்', கருத்து, 'பேசாதிருந்தான்'. நாம் 'கம்மென்று இருந்தான்' என்கிறோம். 'சட்டென்று', 'பளிச்சென்று' என்றெல்லாம் நாம் ஒலிக்குறிப்போடு 'என்று' சேர்ப்பதுபோல, அவர்களும் சொல்லுதல் வினையைச் சேர்க்கிறார்கள்.

மரியாதை வழக்கும் நமக்குப் பழகியதே. ஆணை 'அந்தெ' என்றும் பெண்ணை 'அஞ்சி' என்றும் ஒருமையில் அழைப்பர். பெரியவரை 'இர்ஸ்வோ' என்பர். பெரியவர் உண்டதைச் சொல்ல 'பெல்லா' என்னாமல், பலர்பால் வடிவமான 'பெல்லு' என்பர். 'அவர் சாப்பிட்டார்' என்ற நம் வழக்கைப் போன்றதே இது.

உறவா, பழக்கமா?

இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். 'ஆகவே தமிழே எதியோப்பியா சென்றது' என்று மார்தட்டிக்கொள்ள மனம் விரும்பும். அப்படிச் சொல்லும் கட்டுரைகளையும் நீங்கள் படித்திருக்கலாம். சான்று என்ன சொல்கிறது?

மொழிகளின் உறவை அறிய, அடிப்படைச் சொற்களைப் பார்க்க வேண்டும். அம்ஹாரிக்கில் நான்கு 'அராத்', ஐந்து 'அம்மிஸ்த்'. அரபியில் 'அர்பஆ', 'கம்ஸா'. வீடு அம்ஹாரிக்கில் 'பேத்', அரபியில் 'பைத்', எபிரேயத்திலும் அதே சொல், பெத்லகேம் என்ற ஊர்ப்பெயரில் அது இருக்கிறது. தமிழின் நான்கு, ஐந்து, வீடு இவற்றோடு ஒரு தொடர்பும் இல்லை. ஆங்காங்கே ஒலி ஒத்துவரும் சொல் கிடைக்கும். 'செம்' என்ற சொல் இரு மொழியிலும் உண்டு. நமக்கு அது செம்மை, அவர்களுக்கு மெழுகு. இத்தகைய தற்செயல் ஒற்றுமை எந்த இரு மொழிக்கும் இடையே சில கிடைக்கும்.

அப்படியானால் வாக்கிய ஒற்றுமை எப்படி வந்தது? எதியோப்பியாவின் பழைய செமித்திய மொழி கீஇஸ். இன்று அது வழிபாட்டில் மட்டும் வாழ்கிறது. கீஇஸில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். ஆனால் அந்த மேட்டுநிலத்தில் செமித்திய மொழி பரவுமுன்பே குஷித்திய மொழிகளைப் பேசிய மக்கள் இருந்தனர். அவர்களுள் ஆகவ் மக்கள் முக்கியமானவர்கள். குஷித்திய மொழிகளில் வினை கடைசியில் வரும். பல நூற்றாண்டுகள் இரு மொழியும் பேசி, பின் அம்மக்கள் செமித்திய மொழிக்கு மாறியபோது, சொற்களைப் புதிய மொழியிலிருந்து எடுத்துக்கொண்டனர்; அவற்றை அடுக்கும் முறையைத் தம் பழைய மொழியிலிருந்து கொண்டுவந்தனர். மாற்றம் முழுமை பெறவில்லை என்பதையும் காணலாம். 'வீட்டின் உள்ளே' என்பதற்கு 'பெபேது விஸ்த்' என்பர். 'பெ' என்ற செமித்திய முன்னொட்டும் இருக்கிறது. 'உள்ளே' என்ற பொருளுடைய 'விஸ்த்' நம் மொழியிற்போலப் பின்னாலும் நிற்கிறது.

இப்படி நடக்குமா என்று ஐயமாக இருந்தால் இலங்கையைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து டச்சுக்காரர் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து மலாய் மக்களைக் கொண்டுவந்தனர். மலாய் மொழியில் வினை நடுவில் வரும். வேற்றுமை உருபு கிடையாது. தமிழும் சிங்களமும் பேசுவோரிடையே சில நூற்றாண்டு வாழ்ந்த இலங்கை மலாயில் இன்று வினை கடைசிக்கு நகர்ந்துவிட்டது. பெயருக்குப்பின் வேற்றுமை உருபுகளும் முளைத்துவிட்டன. சொல் மலாய், வாக்கியத்தின் கட்டோ நம்முடையது. இளையரசனேந்தல் வட்டாரத்திலும் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வாழும் குடும்பங்கள் பல உண்டு. ஒரே நாவில் இரு மொழி புழங்கினால் ஒன்றின் சாயல் மற்றொன்றில் எப்படி ஏறும் என்பதை அவர்களிடம் கேட்டறியலாம்.

இந்தியாவின் பல குடும்ப மொழிகள் பழக்கத்தால் ஒன்றுபோல் ஆனதை எமனோ 1956இல் விளக்கினார். 1976இல் காலின் மாசிகா என்ற மொழியியலார், வினை கடைசியில் வருதல், வினையெச்சங்களைக் கோத்தல் போன்ற கூறுகளை உலகப் படத்தில் குறித்துப் பார்த்தார். இந்தியாவிலிருந்து நடு ஆசியா வழியாக அவை தொடர்ச்சியாகப் பரவியிருந்தன. அதற்கு வெகுதொலைவில், ஒரு தீவுபோல, எதியோப்பியாவிலும் அவை தென்பட்டன. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகளுக்கு எச்சங்களும் முன்நிற்கும் பெயரெச்சமும் இயல்பாகப் பொருந்துகின்றன. எனவே உறவின்றியும் தொடர்பின்றியும் இரு மொழிகள் ஒரே பாதையில் நடக்கக்கூடும்.

இரண்டு இலக்கண நூல்கள்

அம்ஹாரிக் மொழியை ஐரோப்பியர் அறிந்த கதையும் சுவையானது. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரைச் சேர்ந்த ஹியோப் லுடோல்ஃப், 1649இல் ரோமில் அப்பா கோர்கோரியோஸ் என்ற எதியோப்பியத் துறவியைச் சந்தித்தார். கீஇஸ் மொழி இருவருக்கும் பாலமாயிற்று. 1652இல் துறவி ஜெர்மனிக்கே வந்து லுடோல்ஃபுக்குக் கற்பித்தார். நாடு திரும்பும் வழியில் 1658இல் கப்பல் உடைந்து இறந்தார். அவர் கற்பித்ததைக் கொண்டு லுடோல்ஃப் வெளியிட்ட அம்ஹாரிக் இலக்கணம் 1698இல் அச்சாயிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதே ஜெர்மனியின் ஹாலே நகரில், தரங்கம்பாடியின் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் அச்சேறியது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நூலின் பின்னாலும் சொல்லிக்கொடுத்த உள்ளூர் ஆசிரியர் இருக்கிறார்.

மொழியோடு வரும் வாழ்க்கை

மொழி கற்கக் கற்க வாழ்க்கையும் தெரியவருகிறது. எதியோப்பியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடி மாரத்தான் வென்ற அபேபே பிகிலாவின் பெயரில், பிகிலா என்பது தந்தையின் பெயர். தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மணி கேட்டால் கவனமாக இருங்கள். அவர்கள் பொழுதைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்கும். ஆண்டுக்கு மாதங்கள் 13. முதல் 12 மாதங்களுக்கு முப்பது நாள் வீதம், கடைசி மாதத்துக்கு 5 அல்லது 6 நாள். புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கிறது. அவர்களின் ஆண்டுக்கணக்கு நம் நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டு பின்னே நிற்கும்; 2000ஆம் ஆண்டின் பிறப்பை அவர்கள் கொண்டாடியது 2007 செப்டம்பரில்.

உணவு இஞ்செரா. தெஃப் என்னும் மிகச்சிறு தானியத்தின் மாவைக் கரைத்து, சில நாள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் சுழற்றி ஊற்றி, மூடி, ஒருபுறம் மட்டும் வேகவைக்கிறார்கள். மேற்புறமெல்லாம் கண்கண்ணாக இருக்கும். ஆப்பம் சுடத் தெரிந்தவருக்கு இந்த வேலை பாதி தெரியும். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பதும், அன்புக்குரியவர் வாயில் தம் கையாலேயே கவளம் ஊட்டுவதும் அவர்கள் வழக்கம். அதற்குக் 'குர்ஷா' என்று பெயர்.

அம்மொழிப் புலவர் போற்றும் கலை 'செம்-இன்னா-வெர்க்'. அதாவது மெழுகும் பொன்னும். பொற்கொல்லர் மெழுகால் உருச்செய்து, மண்பூசிச் சூடேற்றி, மெழுகு வடிந்த வெற்றிடத்தில் பொன்னை ஊற்றுவார். அதுபோல் செய்யுளின் வெளிப்பொருள் மெழுகு, உட்பொருள் பொன். சுவாமிமலையில் வார்ப்புச் சிலை செய்யக் கண்டவருக்கும், காளமேகத்தின் சிலேடையைச் சுவைத்தவருக்கும் இது உடனே விளங்கும். அரசனைப் புகழ்வதுபோல் பழிக்கவும் இக்கலை பயன்பட்டது.

ஒரு மொழி, பல மொழிகள்

கடைசியாக ஒன்றை மறக்கலாகாது. எதியோப்பியாவில் அம்ஹாரிக்கைவிட ஓரோமோவைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே மிகுதி. ஆயினும் பேரரசர் காலத்தில் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அச்சிலும் அம்ஹாரிக்கே கோலோச்சியது. பிற மொழிகள் ஒதுக்கப்பட்டன. 1974இல் புரட்சி வந்தது. 1979இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் நடந்தது. 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு எல்லா மொழிகளுக்கும் சம மதிப்பு என்று கூறி, மைய அரசின் அலுவல்மொழியாக அம்ஹாரிக்கை வைத்துக்கொண்டது. 2020இல் மேலும் நான்கு மொழிகளை அலுவல் மொழிகளாக்குவதாக அரசு அறிவித்தது. மொழிக்காக 1965இல் தமிழகம் கண்ட போராட்டத்தை அறிந்த நாம், ஒரு மொழியின் இனிமையை இரசிக்கும்போதே, அது யாருடைய நாவில் ஆட்சிமொழியாக ஏற்றப்பட்டது என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அம்ஹாரிக்கின் வாக்கியத்தை வடித்தவர்கள் ஆகவ் மக்களும் அவரைப்போன்ற குஷித்தியரும்தாம். அவர்கள் கல்வெட்டில் பெயர் பொறிக்கவில்லை. வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுச்சென்றார்கள். அரசர்களின் வரலாறு காசிலும் கல்லிலும் கிடைக்கிறது. எளிய மக்களின் வரலாறு சில வேளைகளில் இலக்கணத்தில்தான் கிடைக்கிறது.

அடுத்த முறை கரிசலில் சோளக்கதிர் முற்றி நிற்கக் காணும்போது, அது கடந்துவந்த கடலை நினையுங்கள். அந்தக் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் உங்களிடம் வந்தால், 'தேனா யிஸ்தில்லின்' என்று வணங்குங்கள். 'இறைவன் உங்களுக்கு நலம் அருளட்டும்' என்பது அதன் கருத்து. வினையைக் கடைசியில் எதிர்பார்க்கும் உங்கள் காது, மற்றவற்றைக் கற்றுக்கொள்ளும்.